பந்து காலில்தான் பிடிபடுகிறது



சாஃப்ட்பாலில் அடிப்பதைப் பற்றிப் பேச ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். பந்து வீசுவதைப் பற்றிப் பேசவும் ஆட்கள் இருக்கிறார்கள். நான் இன்று அந்த இரண்டையும் தொடப்போவதில்லை. இன்ஃபீல்டில் நிற்கும் நான்கு பேரைப் பற்றித்தான் பேசப்போகிறேன். முதல் பேஸ், இரண்டாம் பேஸ், ஷார்ட்ஸ்டாப், மூன்றாம் பேஸ். இந்த நால்வரிடமும் தரையில் உருண்டு வருகிறதே ஒரு பந்து, அதை எடுத்து எறிவது எப்படி? அது ஒன்றுதான் இன்றைய பேச்சு.

ஒரு காட்சியோடு தொடங்குகிறேன்.

2021 ஜூலை 27. ஜப்பானில் யோகோஹாமா ஸ்டேடியம். டோக்கியோ ஒலிம்பிக்கின் சாஃப்ட்பால் இறுதிப் போட்டி. கொரோனாக் காலம், அதனால் பார்வையாளர் இருக்கைகள் காலி. ஆடுகளத்தில் ஜப்பானும் அமெரிக்காவும். ஜப்பான் 2-0 என்று முன்னிலையில் இருக்கிறது. ஆறாவது இன்னிங்ஸில் அமெரிக்கா எழுந்து வருகிறது; பேஸ்களில் ரன்னர்கள் நிற்கிறார்கள். ஒரு நல்ல அடி விழுந்தால் ஆட்டம் தலைகீழாகும். அமாண்டா சிடெஸ்டர் அடிக்கிறார். பந்து தரையைத் தொடவே இல்லை. அம்பு மாதிரி மூன்றாம் பேஸை நோக்கிப் பறக்கிறது. அங்கே நிற்பவர் யமமோட்டோ யூ. பந்து அவர் கிளவுஸில் சிக்கவில்லை. இடது கையில் பட்டுத் தெறிக்கிறது. முடிந்தது என்று நினைக்கிறீர்களா? தெறித்த பந்து தரையில் விழுவதற்கு முன் ஷார்ட்ஸ்டாப் அட்சுமி மனா அதைத் தாழ்வாகப் பிடித்துவிட்டார். பிடித்த கையோடு இரண்டாம் பேஸுக்கு எறிந்தார். பேஸை விட்டு விலகியிருந்த ரன்னர் திரும்புவதற்குள் பந்து போய்ச் சேர்ந்துவிட்டது. ஒரே அடியில் இரண்டு பேர் அவுட். இன்னிங்ஸ் முடிந்தது. அந்த 2-0 அப்படியே நின்றது. தங்கம் ஜப்பானுக்கு.

அதிர்ஷ்டம் என்று சொல்லலாம். பந்து அந்தப் பக்கம் தெறித்தது அதிர்ஷ்டம்தான், நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தன்னை நோக்கி வராத ஒரு பந்துக்கு அட்சுமி ஏன் முழங்காலை மடக்கி, கிளவுஸைத் திறந்து, தயாராக இருந்தார்? மூன்றாம் பேஸுக்குப் போன பந்துதானே, நமக்கென்ன என்று அவர் நிமிர்ந்து நின்றிருந்தால்? அந்தப் படத்தை நான் எத்தனையோ தடவை போட்டுப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் கண் முதலில் போவது அவருடைய கையை நோக்கித்தான். நிறுத்தி நிறுத்திப் பார்த்தால்தான் தெரியும், வேலையைச் செய்தது கால். நான் உங்களிடம் சொல்ல வந்ததும் அதுதான். பந்து கையில் பிடிபடுவதில்லை. காலில்தான் பிடிபடுகிறது. கை கடைசியில் வந்து வாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான்.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். பிள்ளைகளே, பயப்பட வேண்டாம், சின்னக் கணக்குதான்.

பேஸ்பாலில் ஒரு பேஸுக்கும் அடுத்த பேஸுக்கும் 90 அடி. நம் ஆட்டத்தில் 60 அடி. நல்ல ஓட்டக்காரி ஒருத்தி அடித்துவிட்டு முதல் பேஸைத் தொட எவ்வளவு நேரம் எடுக்கும்? ஏறக்குறைய மூன்று வினாடி. இடது கைப் பக்கம் நின்று, ஓடிக்கொண்டே தட்டிவிடுகிறார்களே, ஸ்லாப் அடிக்காரிகள், அவர்களுக்கு அதைவிடக் குறைவு. இப்போது மூன்றாம் பேஸில் இருந்து முதல் பேஸுக்குக் குறுக்கே எவ்வளவு தூரம்? 85 அடி, கிட்டத்தட்ட 26 மீட்டர். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் எறிந்தாலும் அந்தப் பந்து போய்ச் சேர ஒரு வினாடிக்கு மேல் ஆகும். மூன்றில் ஒன்று போனால்? மீதி இரண்டு வினாடிகூட இல்லை. அதற்குள் பந்து பேட்டில் இருந்து உங்களிடம் வர வேண்டும். நீங்கள் நகர வேண்டும். குனிய வேண்டும். எடுக்க வேண்டும். கிளவுஸில் இருந்து கைக்கு மாற்ற வேண்டும். ஒரு தடவை பந்து கையில் துள்ளினால் அவள் பேஸில் நிற்பாள். ஒரு அடி கூடுதலாக எடுத்து வைத்தால் அவள் பேஸில் நிற்பாள். பந்து எங்கே போகிறது என்று யோசித்துவிட்டு நகர்ந்தால், அப்போதும் அவள் பேஸில்தான் நிற்பாள்.

நம் ஊர்ப் பிள்ளைகள் பெரும்பாலும் கிரிக்கெட்டில் இருந்து வருகிறார்கள். அது நல்லதுதான். கண் பழகியிருக்கும், எறியும் தோள் பழகியிருக்கும். ஆனால் கூடவே ஒரு பழக்கமும் வந்துவிடுகிறது. கிரிக்கெட்டில் பந்து பவுண்டரிக்குப் போகாமல் தடுக்க ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி, உடம்பை அணையாகக் கட்டுகிறோம். அங்கே அது சரி. அங்கே நாலு ரன் போகாமல் தடுத்தால் வேலை முடிந்தது. இங்கே தடுப்பதோடு வேலை தொடங்குகிறது. முழங்காலைத் தரையில் வைத்தவள் எழுந்து நிற்பதற்குள் அந்த இரண்டு வினாடி கரைந்துவிடும். இன்னொன்று, வெறுங்கையால் பிடித்துப் பழகிய பிள்ளை, கிளவுஸ் மாட்டிய இடது கையை விட்டுவிட்டு வலது கையை நீட்டும். முதல் மாதம் முழுக்க இதைத் திருத்துவதிலேயே போகும். ஆசிரியர்கள் பொறுமை இழக்கக் கூடாது. பத்து வருடப் பழக்கத்தைப் பத்து நாளில் உதறச் சொன்னால் எந்தப் பிள்ளையால் முடியும்?

சரி, கால் என்றேன். கால் எப்போது வேலையைத் தொடங்க வேண்டும்? பந்து அடிபட்ட பிறகா? இல்லை. பந்து பிட்சர் கையை விட்டுப் புறப்படும்போதே.

கபடி பார்த்திருக்கிறீர்கள். ரைடர் பாடிக்கொண்டு கோட்டைத் தாண்டி வருகிறான். எதிரே நிற்கிற ஏழு பேரும் எப்படி நிற்கிறார்கள்? யாராவது குதிகாலை ஊன்றி, கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறானா? முழங்கால் மடங்கியிருக்கும். உடம்பின் எடை முன்பாதத்தில் இருக்கும். கை முன்னால் விரிந்திருக்கும். கால் ஓரிடத்தில் நிற்காது. சின்னச் சின்ன அசைவாக ஆடிக்கொண்டே இருக்கும். எந்தப் பக்கம் வந்தாலும் பாயலாம். அந்த நிலைதான் இன்ஃபீல்டின் தயார் நிலை. நம் மண்ணில் பிறந்த பிள்ளைகளுக்கு இதை ஜப்பானில் இருந்தோ அமெரிக்காவில் இருந்தோ கற்றுத்தர வேண்டியதில்லை.

பிட்சர் கையைச் சுழற்றும்போது மெல்ல ஒரு அடி, இன்னொரு அடி முன்னால் வையுங்கள். பந்து பேட்டரிடம் சேரும் அந்தக் கணத்தில் இரண்டு பாதமும் சின்னதாக ஒரு துள்ளலோடு தரையைத் தொட வேண்டும். இரண்டு அங்குலத் துள்ளல் போதும். நிற்கிற வண்டியைத் தள்ளுவது கஷ்டம், உருளுகிற வண்டியைத் தள்ளுவது சுலபம் அல்லவா? உடம்பும் அப்படித்தான். இதை ஒவ்வொரு பந்துக்கும் செய்ய வேண்டும். ஏழு இன்னிங்ஸில் நூறு பந்து வந்தால் நூறு தடவை. அதில் தொண்ணூறு தடவை பந்து உங்களிடம் வராது. வராத தொண்ணூறுக்கும் தயாராக இருப்பவளுக்குத்தான் வருகிற பத்தும் பிடிபடும்.

இப்போது பந்து உங்களை நோக்கி வருகிறது. நின்று வாங்கலாமா, போய் வாங்கலாமா?

இங்கே கொஞ்சம் நின்று பேசப்போகிறேன். இன்ஃபீல்டில் நடக்கும் தப்புகளில் பாதிக்கு மேல் இந்த இடத்தில்தான் பிறக்கிறது என்பது நான் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது. தரையில் வரும் பந்து துள்ளித் துள்ளி வரும். தரையைத் தொட்டவுடன், எழும்புவதற்குள், கிளவுஸின் வாயிலேயே எடுத்துவிடலாம். அது ஷார்ட் ஹாப். அல்லது அது முழுக்க எழும்பி, உச்சிக்குப் போய், இறங்கும்போது எடுக்கலாம். அது லாங் ஹாப். இரண்டும் நல்ல பந்து. இரண்டுக்கும் நடுவே ஒன்று இருக்கிறது. பந்து தரையில் பட்டு மேலே ஏறிக்கொண்டிருக்கும், உங்கள் கிளவுஸ் அதற்கு ஓர் அடி பின்னால் இருக்கும். அது எந்த உயரத்துக்கு வரும் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. முழங்காலில் படலாம், நெஞ்சில் படலாம், முகத்துக்கே வரலாம். நம் பள்ளி மைதானங்களைத்தான் தெரியுமே. ஒரு பக்கம் செம்மண், ஒரு பக்கம் சரளை, நடுவில் காலையில் யாரோ வண்டி ஓட்டிய தடம். அந்தத் தரையில் இந்த நடுத் துள்ளலை வாங்குவது கண்ணைக் கட்டிக்கொண்டு கிணற்றோரம் நடப்பது.

அந்த நடுத் துள்ளலை யார் உருவாக்குகிறார்கள்? பேட்டரா? தரையா? நாம்தான். ஒரே இடத்தில் நின்று, வரட்டும் என்று காத்திருப்பவளுக்குப் பந்து தானாக ஒரு துள்ளலைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும். முன்னால் போகிறவள் தனக்கு வேண்டிய துள்ளலைத் தானே எடுத்துக்கொள்வாள். ஓர் அடி முன்னால் போனால் ஷார்ட் ஹாப் கிடைக்கும். அரை அடி பின்வாங்கினால் லாங் ஹாப் கிடைக்கும். எதை எடுப்பது என்பதைக் கண் முடிவு செய்யும், கால் நிறைவேற்றும். கைக்கு இதில் வேலையே இல்லை. மெதுவாக வரும் பந்துக்கு நின்று காத்திருப்பது மட்டும் எப்போதும் தப்பு. நீங்கள் காத்திருக்கிற ஒவ்வொரு அடியும் ஓட்டக்காரிக்கு நீங்கள் கொடுக்கிற அடி.

வலது கையால் எறிகிறவர்கள் பந்தை நேர்கோட்டில் போய்ச் சந்திக்க வேண்டாம். கொஞ்சம் வலப்பக்கமாகச் சுற்றிப் போங்கள். அப்படிப் போனால், எடுக்கும்போதே உடம்பு முதல் பேஸை நோக்கித் திரும்பத் தொடங்கியிருக்கும். கடைசி இரண்டு அடியை வாயால் சொல்லிப் பழகுங்கள். வலது, இடது, எடு. வலது, இடது, எடு. பாதங்கள் தோளைவிட அகலமாக இருக்கட்டும், இடது பாதம் சற்று முன்னால் இருக்கட்டும். இரண்டு பாதமும் கிளவுஸும் சேர்ந்து ஒரு முக்கோணம். பந்தை எடுக்க வேண்டியது அந்த முக்கோணத்தின் முனையில், கண்ணுக்கு முன்னால். இரண்டு காலுக்கும் நடுவே, வயிற்றுக்குக் கீழே பந்தை வாங்குகிறவளால் அதைப் பார்க்கவே முடியாது. பார்க்காத பந்தைப் பிடிப்பது எப்படி?

குனிவது என்றால் இடுப்பில் இருந்து வளைவது என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். நாற்று நடும்போது வளைகிறார்களே அந்த மாதிரி. இங்கே அது உதவாது. உட்கார வேண்டும். பின்புறம் தாழ வேண்டும், முதுகு ஏறக்குறைய தட்டையாக இருக்க வேண்டும், தலை நிமிர்ந்திருக்க வேண்டும். கிளவுஸ் முதலில் தரையைத் தொட்டுவிட வேண்டும், விரல்கள் கீழ்நோக்கி. கீழே இருக்கும் கிளவுஸ் மேலே வருவது சுலபம், மேலே இருக்கும் கிளவுஸ் கடைசி நொடியில் கீழே போவது நடக்காத காரியம். காலுக்கு நடுவே ஓடிவிட்ட பந்துகள் எல்லாம், கிளவுஸ் தரைக்கு வரத் தாமதித்த பந்துகள்தான்.

கடைசியில் கைக்கு வருகிறேன்.

உங்கள் பாட்டிமார்கள் அஞ்சாங்கல் ஆடியிருப்பார்கள். கல்லை மேலே எறிந்து, கீழே இருக்கிற கற்களை வாரி, இறங்கி வருகிற கல்லை ஏந்த வேண்டும். ஆடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கையை விறைப்பாக வைத்திருந்தால் கல் கல்லின் மேல் விழுந்து சிதறிவிடும். விழுகிற கல்லோடு கையும் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். அந்த இறக்கம்தான் பிடிப்பு. சாஃப்ட்பாலிலும் அதே இறக்கம் வேண்டும். பந்து கிளவுஸில் படும்போது கை அதோடு சேர்ந்து வயிற்றை நோக்கிப் பின்வாங்க வேண்டும். பந்தைக் குத்தப் போகிறவள் மாதிரி கிளவுஸை முன்னால் தள்ளக் கூடாது. வலது கை கிளவுஸுக்கு மேலே, மூடி மாதிரி காத்திருக்க வேண்டும். பந்து விழுந்ததும் மூடி மூடிக்கொள்ளும். அதே கை பந்தை எடுத்து எறியவும் கிளம்பிவிடும்.

இந்த ஆட்டம் பிறந்த ஊரே இதற்குச் சாட்சி. 1887-ஆம் ஆண்டு, சிகாகோ. ஃபாரகட் படகுக் கழகம் என்று ஓர் இடம். நன்றி நவிலும் நாளன்று, ஒரு கால்பந்துப் போட்டியின் முடிவுக்காகக் காத்திருந்த இளைஞர்கள், ஒரு பாக்ஸிங் கிளவுஸைச் சுருட்டிக் கட்டிப் பந்தாக்கி, துடைப்பக் கட்டையால் அடித்து ஆடத் தொடங்கினார்கள். ஜார்ஜ் ஹேன்காக் என்பவர் அதற்கு விதி வகுத்தார். சாஃப்ட்பால் என்ற பெயரே 1926-இல்தான் வந்தது. அந்தச் சிகாகோவில் இன்றும் 16 அங்குலச் சுற்றளவுள்ள பெரிய பந்தை வைத்து ஆடுகிறார்கள். கையில் கிளவுஸ் கிடையாது. வெறுங்கை. விறைத்த கையோடு பிடித்தால் விரல் போய்விடும் என்ற பயத்திலேயே அவர்கள் கை மெத்தையாகிவிட்டது. நம் பந்து 12 அங்குலம், நமக்குக் கிளவுஸ் இருக்கிறது. கிளவுஸ் இருக்கிறது என்பதாலேயே நம் கை விறைத்துப்போகிறது.

பயம் என்றேன். பெற்றோர்களே, இதை உங்களிடம் மனம் விட்டுச் சொல்ல வேண்டும். பெயர்தான் சாஃப்ட்பால். பந்து மென்மையானது இல்லை. ஏறக்குறைய 180 கிராம் எடையுள்ள கெட்டிப் பந்து. மூன்றாம் பேஸில் நிற்கும் பிள்ளை பல நேரம் பேட்டரில் இருந்து நாற்பது, நாற்பத்தைந்து அடியில்தான் நிற்கிறாள், பன்ட் என்று மெல்லத் தட்டிவிட்ட பந்து வந்தால் ஓடி எடுக்க வேண்டுமே! அவளுக்குப் பயம் வருவது இயல்பு. பயப்படாதே என்று அதட்டுவதில் ஒரு பயனும் இல்லை. நானே அந்த இடத்தில் நின்றவள். முதன்முதலில் ஆடிய மாவட்டப் போட்டியில் வேகமாக ஒரு பந்து வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பந்து என் காதுக்குக் கீழே பட்டது. முகத்தை நேராக வைத்திருந்தால் அதைக் கண் பார்த்திருக்கும், கிளவுஸ் தடுத்திருக்கும். திருப்பியதால்தான் அடிபட்டது. வலி மூன்று நாளில் போய்விட்டது. கழுத்து தானாகத் திரும்பும் பழக்கம் போக ஒரு வருடம் ஆயிற்று. அன்றைக்கு யாரும் என்னை டென்னிஸ் பந்தில் இருந்து தொடங்க வைக்கவில்லை. யாரும் எனக்கு முகக் கவசம் தரவில்லை.

அதனால் கேட்டுக்கொள்கிறேன். ஆரம்பத்தில் டென்னிஸ் பந்தைக் கொடுங்கள். பிறகு மெத்தென்ற பயிற்சிப் பந்து. கண் மூடாமல், கழுத்து திரும்பாமல் நூறு பந்து எடுத்த பிறகு கெட்டிப் பந்து. இன்ஃபீல்டில் நிற்கும் பிள்ளைக்குக் கம்பி வைத்த முகக் கவசம் வாங்கிக் கொடுங்கள். பல நாடுகளில் தேர்ந்த வீராங்கனைகளே அதைப் போட்டுக்கொண்டு ஆடுகிறார்கள். அது கோழைத்தனம் இல்லை. கவசம் போட்ட பிள்ளை பந்தைக் கடைசிவரை பார்ப்பாள். கடைசிவரை பார்க்கிறவள் பிடிப்பாள்.

எறிவதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எடுத்த பந்தைக் கிளவுஸோடு நெஞ்சுக்குக் கொண்டுவாருங்கள், அங்கே கை மாற்றுங்கள். வலது கால் இடது காலுக்கு முன்னால் கடந்து விழட்டும், இடது தோள் முதல் பேஸைப் பார்க்கட்டும், பிறகு எறியுங்கள். எறிந்த பிறகும் இரண்டு அடி அதே திசையில் நடங்கள். எறியும் கை தவறியது என்று சொல்கிறோமே, பெரும்பாலும் தவறியது பாதம். சின்ன விரல்கள் உள்ள பிள்ளைகள் இந்தப் பெரிய பந்தை மூன்று, நான்கு விரலால் பிடித்தாலும் குற்றமில்லை.

முதல் பேஸில் நிற்பவளுக்கு ஒரு வார்த்தை. எறி வருவதற்கு முன்பே காலை நீட்டி நிற்காதே, அம்மா. பேஸின் விளிம்பில் பாதத்தை வைத்து, உடம்பை நேராக வைத்திரு. பந்து எந்தப் பக்கம் வருகிறது என்று பார், பிறகு அந்தப் பக்கம் நீள். முன்பே நீண்டுவிட்டவள் வேறு பக்கம் வரும் பந்துக்கு அசைய முடியாது. எறி மோசமாக வந்தால் பேஸை விட்டுவிட்டுப் பந்தைப் பிடி. ஒரு ரன்னர் முதல் பேஸில் நிற்பது பெரிய நஷ்டமில்லை. பந்து வேலிக்கு ஓடுவதுதான் நஷ்டம்.

பன்ட் வரும்போது பாருங்கள், எத்தனை பேர் நகர வேண்டும் என்று. மூன்றாம் பேஸும் முதல் பேஸும் பந்தை நோக்கி ஓடுகிறார்கள். அப்படியானால் முதல் பேஸில் யார் எறியை வாங்குவது? இரண்டாம் பேஸ்காரி ஓடிப்போய் நிற்க வேண்டும். ஷார்ட்ஸ்டாப், ரன்னர் எங்கே போகிறாள் என்று பார்த்து, இரண்டாம் பேஸுக்கோ மூன்றாம் பேஸுக்கோ போக வேண்டும். பந்தைத் தொடப்போவது ஒருத்திதான். ஓட வேண்டியது எல்லோரும். நம் ஆட்டங்களில் நான் பார்த்து மனம் நொந்துபோவது எதற்குத் தெரியுமா? பந்தை விட்டுவிட்ட பிள்ளைக்காக இல்லை. அழகாக எடுத்து, நிமிர்ந்து பார்த்து, பேஸில் யாருமே இல்லாமல் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிற பிள்ளைக்காக.

ஜப்பானில் ஆயிரம் பந்துப் பயிற்சி என்று ஒன்று உண்டு. பயிற்சியாளர் அடித்துக்கொண்டே இருப்பார், ஆட்டக்காரர் எடுத்துக்கொண்டே இருப்பார். அதைக் கேட்டுவிட்டு நம் ஆசிரியர்கள் சிலர் பிள்ளைகளை வெயிலில் வாட்டுகிறார்கள். அந்த உழைப்பை மதிக்கிறேன். ஆனால் கால் சோர்ந்த பிறகு எடுக்கிற ஒவ்வொரு பந்தும் தப்பான எடுப்பைத்தான் உடம்புக்குக் கற்றுக்கொடுக்கும். நான் முப்பது பந்து கேட்கிறேன். முப்பதும் கால் நகர்ந்து எடுத்த பந்தாக இருக்க வேண்டும். முப்பத்தோராவது பந்துக்குக் கால் நகரவில்லை என்றால் தண்ணீர் குடித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

வீட்டிலும் செய்ய ஒன்று சொல்கிறேன். ஒரு டென்னிஸ் பந்து வேண்டும், ஒரு சுவர் வேண்டும், நன்றாகக் கழுவிய பழைய ரப்பர் செருப்பு ஒன்று வேண்டும். செருப்பின் வாரில் இடது கை விரல்களை நுழைத்துக்கொள்ளுங்கள். பந்தைச் சுவரில் தாழ்வாக எறியுங்கள், திரும்பி வருவதைச் செருப்பில் வாங்குங்கள். செருப்புக்குப் பை கிடையாது, அது பந்தைப் பிடிக்காது. கை விறைத்திருந்தால் பந்து தெறித்து ஓடும். கை பின்வாங்கினால், வலது கை வந்து மூடினால், நிற்கும். சரியான துள்ளலுக்குக் கால் வரவில்லை என்றால் அந்தச் செருப்பு உங்களுக்கு எந்த உதவியும் செய்யாது. கிளவுஸ் மன்னிக்கும், செருப்பு மன்னிக்காது.

2028-இல் சாஃப்ட்பால் மறுபடியும் ஒலிம்பிக்குக்கு வருகிறது. லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக் என்றாலும் சாஃப்ட்பால் நடக்கப்போவது ஓக்லஹோமா சிட்டியில். அதில் ஆடப்போகிறவர்களும் இன்று காலை எங்கோ ஒரு மைதானத்தில் வலது, இடது, எடு என்றுதான் பழகியிருப்பார்கள்.

போதும், பேசியது போதும். வெளியே வெயில் இறங்கிவிட்டது. மேடைக்குப் பின்புறம் ஒரு சாக்கு நிறையச் செருப்பும், ஒரு கூடை டென்னிஸ் பந்தும் வைத்திருக்கிறேன். கிளவுஸை இருக்கையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். மூன்றாம் பேஸில் நிற்கிறவர்கள் முதலில்.